பிறவாதவரின் பங்கு

கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் உருவான எண்ணெயை நாம் விளைவிக்கவில்லை. விலை கொடுத்ததால் நமதென்கிறோம். அவ்விலை எடுத்தவனுக்குச் சென்றது. பிறவாத பேரனுக்கு எதுவும் சேரவில்லை. உலகப் பொருள்கள் அனைவர்க்கும் உரியவை எனத் திருச்சபை கற்பிக்கிறது. வரும் தலைமுறையும் அந்த அனைவருள் அடங்கும் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸின் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடல் தெளிவாக்கியது.

எண்ணெய் அடியோடு தீரும் நாள்வரை ஏழை காத்திருக்க வேண்டியதுமில்லை. 2022இல் உலகில் எண்ணெய் இருந்தது. வாங்க இலங்கையிடம் அந்நியச் செலாவணி இல்லை. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை இன்றியமையாப் பணிகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. மண்ணெண்ணெய் இன்றி மீனவர் பலரின் படகுகள் கரையில் கிடந்தன.

நம் கடத்தூரில் மழை பொய்த்தால் ஆழ்துளைக் கிணறுதான் கதி. துளையிடும் வண்டி இயங்குவது டீசலில்; நீர் இறங்க இறங்க டீசலும் கூடுதலாய் வேண்டும். திருவிழா இரவுகளில் அலங்கார விளக்குகளுக்காக ஜெனரேட்டரில் எரிவதும் அந்த வண்டிக்குரிய பங்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.