அருவுருவமாய் ஒரு கடைத்தெரு

பண்டாரவளையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் இறங்கி வரும் வீதிகள் ஹாலிஎலயில் ஒன்றாகிப் பதுளைக்குப் போகின்றன. அந்தச் சந்தியை ஆறங்குலத்துக்கு எட்டங்குலப் பலகையில் எண்ணெய் வர்ணத்தால் தீட்ட உட்காருபவருக்கு எதை விடுவது என்பதுதான் முதல் சிக்கல். தகரக் கூரை, பெயர்ப்பலகை, மின்கம்பி, பஸ், முச்சக்கர வண்டி, பின்னால் மலை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நாலைந்து நிறத்திட்டுகள்தான் மிஞ்சும். அவற்றைத் தட்டைத் தூரிகையால் வைத்துவிட்டு மறுபடி நோண்டாமல் இருப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

அப்படியானால் விட்டுப்போன ஜன்னல்கள் பொய்யா?

இந்தக் கேள்வி லண்டனில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இரவு வாணவேடிக்கையை ஓவியர் விஸ்லர் பொறிப்பொறியாகத் தீட்டிய ஓவியத்தை விமர்சகர் ரஸ்கின் 1877இல் சாடினார். விஸ்லர் அவதூறு வழக்குத் தொடுத்தார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்க, வாழ்நாள் முழுதும் சேர்த்த அறிவுக்கான விலை அது என்றார் ஓவியர். 1878இல் அவர்தான் ஜெயித்தார். கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி! அடுத்த ஆண்டே அவர் திவாலானார்.

ஹாலிஎல இருக்கும் இலங்கையின் ஊவா மாகாணத் தோட்டப்புறத்தில் இதற்கு வழக்கே எழுந்திருக்காது. சைவ சித்தாந்தம் இறைவனின் திருமேனியை உருவம், அருவம், அருவுருவம் என்று வகுக்கிறது. முகமும் கைகாலும் உள்ள நடராசர் உருவம். லிங்கம் அருவுருவம். மலையகத்தில் இது இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: மரத்தடியில் நட்ட கல், மஞ்சள், குங்குமம், ஒரு சூலம். தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச் சாமி, தேயிலைத் தொழிற்சாலைக்கு ரோதை முனி. கண்ணும் மூக்கும் செதுக்கவில்லை என்பதற்காக அதை யாரும் அரைகுறைச் சாமி என்பதில்லை. ஆனால் கல்லைக் கண்ட இடத்தில் நட்டுவிடவும் முடியாது. முகத்தில் காட்டாத கண்டிப்பை இடத்தில் காட்டுகிறார்கள்.

தளர்வான ஓவியத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும். இல்லாவிட்டால் தளர்வு மறதிக்கு வசதியாகிவிடும். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலை விளம்பரப் படங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பச்சைச் சரிவில் அழகான வண்ணப் புள்ளிகள். சுமை தெரியாது. அங்கே விடுபட்டது வரைந்தவர் பார்க்காதது, அல்லது பார்க்க விரும்பாதது. பார்த்துவிட்டு விடுவது வேறு.

தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டவரின் கழுத்து சற்று முன்னே சாயும். சின்னப் பலகையில் அந்த ஆள் அரையங்குல உயரம்கூட வரமாட்டார். முகத்துக்கு இடமில்லை, இரண்டு தீற்றல்தான். அவற்றில் சாய்வு வந்துவிட்டால் ஆள் வந்துவிடுவார். செங்குத்தாக விழுந்தால் அது விளக்குக் கம்பம், அதற்குச் சேலை மடிப்பு வரைந்து பயனில்லை. கத்தியால் வழித்தெடுத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டியதுதான். எண்ணெய் வர்ணம் காய நாளெடுக்கும், ஹாலிஎலயின் மழைக்காலத்தில் இன்னும் மெதுவாக.