வெயிலில் யாருக்கு என்ன பங்கு?

"எய்யா, பயிரு குடிக்கிற வெயில நாம பிடுங்குனா பாவம் இல்லையா?"

வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் மானாவாரிக் கரிசலில் சோலார் பேனல் போடலாமா என்ற பேச்சு வந்ததும் அம்மா கேட்டாள். பொங்கலன்று சூரியனுக்குப் படைக்காமல் வாயில் சோறு வைக்காதவள். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியாரான என்னிடம் யூனிட் கணக்கு இருந்தது, இதற்குப் பதில் இல்லை.

யோசித்தால், இந்த வட்டாரத்தில் வெயில் என்றைக்கும் பயிருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று 1923-இல் சிவகாசி திரும்பியபோது, மழை குறைந்த இந்த வானம்தான் துணை நின்றது. வெள்ளாமையைக் கருக்கிய வெயிலே தீக்குச்சியைக் காயவைத்தது. அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கித்தான் என்னைப் படிக்கவைத்தாள். அதே வெயிலில் மருந்து சூடேறி வெடித்துப் பட்டாசு ஆலைகளில் உயிர்களும் போயிருக்கின்றன. எங்களுக்கு வெயில் அளவோடு இருந்தால்தான் அருள்.

பயிருக்கும் அளவு உண்டு. உளுந்து, பாசிப்பயறு போன்றவற்றால் உச்சிவெயிலை ஒரு மட்டத்துக்குமேல் பயன்படுத்த முடியாது. மிச்சம் இலையைச் சூடாக்கி ஈரத்தை உறிஞ்சும். பேனல்களைத் தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் தூக்கி, இடைவெளி விட்டு நிறுத்தினால் கீழே பயிர் செய்யலாம் என்று ஜெர்மனியின் கோட்ஸ்பெர்கரும் சாஸ்ட்ரோவும் 1982-இலேயே எழுதினார்கள். கொச்சி விமான நிலையத்தில் பேனல்களுக்கு இடையே காய்கறி விளைகிறது. பயிரால் கொள்ள முடியாததை எடுத்தால் அது பிடுங்கல் ஆகாது. ஆனால் சோளமும் கம்பும் வேறு ரகம். முழு வெயிலையும் வாங்கிக்கொள்பவை. அவற்றின்மேல் நிழல் விழுந்தால் அம்மா சொன்ன பாவம்தான்.

அதைவிடப் பெரிய பாவம் வேலியில் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் எழுந்தது. மின்சாரத்துக்கென்றே வேலியடைத்த நிலத்தில் களையெடுக்க ஆள் வேண்டாம், ஆட்டுக்கிடை போட இடமிருக்காது. நிலத்துக்காரருக்குப் பணம் வரும். கூலிக்குப் போனவளுக்கு ஒன்றும் வராது. ஊரில் எல்லாருக்கும் வீடு அமையும்வரை தனக்குக் கூரை வேண்டாமென்று உறையூர் வெக்காளியம்மன் வெயிலில் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. நிழலுக்கும் ஒரு வரிசை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவமும் எனக்குச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பயிர் முதலில், அதில் உழைப்பவர் அடுத்து, கரண்டு கடைசி. சோளக்காடு திறந்தே கிடக்கட்டும். உளுந்து விதைக்கும் பாதியில் மட்டும், டிராக்டர் நுழையும் உயரத்தில் பேனல் நிற்கட்டும். உயரம் கூடினால் இரும்புச் செலவு கூடும் என்று புரோக்கர் முகம் சுளிக்கிறார். கூடத்தான் செய்யும். அந்தச் செலவை மிச்சம்பிடித்து வரும் லாபம் களையெடுப்பவளின் கூலியிலிருந்து எடுத்தது. பிடுங்கல் என்றால் அதுதான்.