காட்டுக்கு யார் பெயரில் பட்டா?

பணம் உள்ள ஒருவர் காட்டை விலைக்கு வாங்கி, அதில் வாழும் விலங்குகளுக்கே விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது தர்மமா? இல்லை, மண்ணாசையின் இன்னொரு முகம்தானா?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. கர்நாடகத்தின் குடகு மலையில், காவேரி பிறக்கும் அதே மாவட்டத்தில், அனில் மல்கோத்ராவும் அவர் மனைவி பமேலாவும் 1991இல் 55 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். காட்டை அதன் போக்கில் வளரவிட்டு, வேட்டைக்காரர்களைத் தடுத்தார்கள். அக்கம்பக்கத்து நிலங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார்கள். இன்று அது ஏறக்குறைய 300 ஏக்கர். யானை, புலி, சிறுத்தை எல்லாம் அங்கே வந்து போகின்றன.

நம் நாட்டுக்கு வருவோம். சபாவில் கினாபாத்தாங்கான் ஆற்றோரக் காடு 2005இல் வனவிலங்குச் சரணாலயமானது. சுமார் 26,000 ஹெக்டர். கேட்கப் பெரிசாக இருக்கிறது. ஆனால் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இடையில் செம்பனைத் தோட்டங்கள். அதனால் சில தொண்டு அமைப்புகள் நிதி திரட்டி, இடைப்பட்ட தனியார் நிலங்களை வாங்குகின்றன. பொறியியல் படிக்கிற எனக்கு இது பாலம் மாதிரி தெரிகிறது. நடுவில் ஒரு கண் இல்லாவிட்டால், பாலம் எவ்வளவு நீளமாக இருந்தும் யாரும் அக்கரை போக முடியாது.

"காட்டைக் காப்பது அரசாங்கத்தின் வேலைதானே?" என்று கேட்கலாம். நியாயம்தான். மலாயாப் புலிக்குத் தேவையான அளவு காட்டை எந்தத் தனிமனிதராலும் வாங்க முடியாது. ஆனால் காட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. சுமத்ரா காண்டாமிருகம் இமான் 2019 நவம்பரில் இறந்தபோது, நம் நாட்டில் அந்த இனமே முடிந்துபோனது. அரசாங்கம் செய்யட்டும் என்று கைகட்டி நிற்க நேரம் இல்லை.

இன்னொரு கேள்விதான் கனமானது. வேலி போட்டுவிட்டால், தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் தேனும் பிரம்பும் எடுத்த பூர்வகுடி மக்கள் எங்கே போவார்கள்? புலியைக் காப்பாற்ற மனிதனை விரட்டினால் அதற்குப் பெயர் அகிம்சை இல்லை.

அப்படின்னா பட்டாவே வேண்டாமா? வேண்டாம் என்று நம்மால் சொல்ல முடியாது. நம் முன்னோர் வெள்ளைக்காரத் துரைக்காகக் காட்டை வெட்டிப் பால்மரம் நட்டார்கள். கூடவே மாரியம்மனுக்கு ஒரு கோயிலும் கட்டினார்கள். பட்டா மட்டும் தோட்டத்தின் பெயரில் இருந்தது. தோட்டம் கைமாறியதும், எத்தனையோ கோயில்களை "எடு" என்றார்கள். தலைமுறைகளாகக் கும்பிட்ட இடத்துக்குக் காகிதம் இல்லை. நம் தாத்தாக்கள் வெட்டிய காட்டில் இருந்த யானைக்கும் அதே கதிதான். அதன் வழித்தடம் நம் கோயிலைவிடப் பழசு. ஆனாலும் காகிதம் இல்லை. இந்த வலி தெரிந்த நாம், காட்டுக்குக் காகிதம் தேடுபவரைக் குறை சொல்லலாமா?

ஆனால் அந்தக் காகிதத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் நம்மிடமே வழி இருக்கிறது. கோயில் நிலம் சாமிக்குச் சொந்தம். சாமியைச் சொத்து வைத்திருக்கக்கூடிய ஒரு நபராகவே இந்தியச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. தர்மகர்த்தா காவல்காரர்தான், அவர் விற்றுத் தின்ன முடியாது, பக்தனை வாசலில் தடுக்கவும் முடியாது. காட்டை வாங்குபவரும் அப்படி இருக்கட்டும். தன் பிள்ளைகள்கூட விற்க முடியாதபடி அதை ஓர் அறக்கட்டளையின் பெயரில் எழுதிவைக்கிறாரா? அங்கே ஏற்கெனவே வாழும் மக்களைக் காவலில் பங்காளிகளாகச் சேர்க்கிறாரா? இந்த இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்றால் அது தர்மம். இல்லையென்றால், அவர் வாங்கியது மரம் அடர்ந்த இன்னொரு தோட்டம், அவ்வளவுதான்.