மலையேறுபவரின் பையும் பற்றின்மையும்

இலங்கையின் மலைநாட்டில் 2,243 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிவனொளிபாதமலையின் உச்சிப்பாறையிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவனுடையதாகவும், பௌத்தர் புத்தருடையதாகவும், இசுலாமியர் ஆதம் நபியுடையதாகவும் போற்றுகின்றனர். அம்மலைக்கு முதன்முறை செல்பவர் பையைக் கட்ட அமரும்போதே, துறவு பற்றிய பழைய வினா ஒன்று எழுந்துவிடுகிறது: அருளை நம்பிப் புறப்படுபவர் தமக்கென எதையேனும் எடுத்துச் செல்வது நம்பிக்கைக் குறைவாகாதா?

இவ்வினாவைச் சமணர் மிகக் கூர்மையாக ஆராய்ந்தனர். பொருள்களைத் தமதாக்கிக்கொள்ளாமையாகிய அபரிக்கிரகம் அவர்களுடைய ஐம்பெரும் விரதங்களுள் ஒன்று. ஆடையும் உடைமையே எனத் திகம்பரத் துறவியர் அதனையும் நீக்க, வெள்ளாடை உடுத்தும் சுவேதாம்பரரோ பற்றில்லாது உடுத்தும் ஆடை விரதத்துக்கு ஊறு செய்யாது என்றனர். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உடைமை என்பதைப் பொருளால் அன்றி, பொருளின்மேல் கொள்ளும் மயக்கத்தாலேயே வரையறுக்கிறது. ஆடையை நீத்த திகம்பரத் துறவியும் சிற்றுயிர்களை ஊறின்றி விலக்க மயிற்பீலியையும், தூய்மைக்கு நீர்க்கலத்தையும் ஏந்தியே நடக்கிறார்.

பௌத்த மரபு இதனை வேறொரு வகையில் எண்ணிப் பார்த்தது. பிக்கு வைத்துக்கொள்ளத்தக்கவை மூன்று ஆடைகள், பிட்சைப் பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர்வடிகட்டி என எட்டு. இவற்றை அட்டபரிக்காரம் என்பர். இவற்றுள் நீர்வடிகட்டி தனித்த கவனத்துக்குரியது, ஏனெனில் அது குடிப்பவரின் நலத்துக்காக மட்டுமன்றி, நீரில் வாழும் சிற்றுயிர்கள் மாயாதிருக்கவும் சுமக்கப்படுகிறது. ஊசியும் சிவனொளிபாதமலையில் நினைவுகூரப்படுகிறது: புத்தர் தம் கிழிந்த ஆடையைத் தைத்ததாக நம்பப்படும் இடத்தில் அடியார் இன்றும் ஊசியும் நூலும் வைத்துச் செல்கின்றனர்.

ஆகவே, சுமப்பது யாருக்காக என்பதே இங்கு முதன்மையான வினா. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். இரவெல்லாம் படியேறி வியர்வையில் நனைந்தவர், உச்சியில் காற்றுக்கு நடுவே கதிரவன் எழக் காத்திருக்கும்போது, மாற்றாடையின்றி வந்திருந்தால், அருகில் நிற்பவரின் போர்வையையே நாட வேண்டும். பிக்குவும் பிறரை அண்டியே உண்கிறார் என இதற்கு மறுப்பு எழலாம். அது வலிமையான மறுப்பே. எனினும், பிக்கு பாத்திரத்தோடு வாயிலில் அமைதியாக நிற்கையில், இடுவதும் இடாது விடுவதும் இல்லத்தாரின் உரிமையாகவே இருக்கிறது. குளிரில் நடுங்கும் ஒருவரின் முன் நிற்பவருக்கு மறுக்கும் உரிமை உண்மையில் இல்லை. ஆயத்தமின்றி வருபவர் சுமையைத் துறந்தவர் அல்லர். கேளாமலேயே அதனைப் பிறர் தோளுக்கு மாற்றியவர்.

டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரையுள்ள யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணியிலிருந்து மலையேறும் வழியெங்கும் விளக்குகளும் தேநீர்க்கடைகளும் இருப்பதால் பை சிறிதாகவே அமையலாம். பிற மாதங்களில் மழையும் இருளும் கூடுவதால் கைவிளக்கு, மழையங்கி, போதிய நீர், உலர் உணவு ஆகியவை இன்றியமையாதவை. வழியில் தளர்ந்து அமர்ந்திருக்கும் முன்பின் அறியாத ஒருவருக்கென ஒரு பிடி உணவை மிகுதியாக வைப்பதும் அபரிக்கிரகத்துக்கு மாறானதன்று.