ஆய்வில் யாருக்குப் பங்கு?

ஒரு சமூகத்தின் நோயை ஆராய்பவர் அச்சமூகத்துக்குப் பட்ட கடன் என்ன? மருத்துவ அறவியலின் இக்கேள்வி இலங்கையின் நோர்வூட் தேயிலைத் தோட்டங்களுக்கும் உரியது.

மலையகத்தில் கொழுந்து பறிப்போர் பலர் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையையும் வாயில் அடக்குகிறார்கள். இது வாய்ப்புற்றுநோய்க்கு வழிவகுக்கும். நாட்டின் முதன்மைப் புற்றுநோய் மருத்துவமனையோ மகரகமவில் இருக்கிறது. அங்கே போகும் நாளில் தோட்டத்தில் ‘பேர்’ விழாது, அதாவது அன்றைய நாட்கூலி இல்லை.

இக்கேள்விக்கு ஒரு விடையாக, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சிறுபான்மையினர் பயிலும் கல்வி நிறுவனங்களைப் புற்றுநோய் ஆய்வு மையங்களோடு இணைத்து வந்தது. இதன் அறம், மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கு நெறி வகுத்த 1979ஆம் ஆண்டின் பெல்மண்ட் அறிக்கையிலேயே உண்டு: ஆய்வின் சுமையும் பயனும் நியாயமாகப் பகிரப்படவேண்டும்.

தோட்ட மக்களிடமிருந்து ஆய்வுக்கு மாதிரி எடுத்துச் செல்வது மட்டும் கூட்டாண்மை ஆகாது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆய்வாளராவதும், கண்டறிந்த நோய்க்குச் சிகிச்சை கிடைப்பதும் சேர்ந்தால்தான் அது நீதி.