சிலேட்டு மலையின் திவ்விய ரசம்

சர்வேசுரா! பாலைவனத்துக் கற்பாறையைப் பிளந்து அன்று தண்ணீர் தந்த உமது திருக்கரம், இந்த மோசல் பள்ளத்தாக்கில் கற்பாறையினின்று மதுரரசத்தையே சொரிகின்றதே! பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையைத் தழுவி, ஜெர்மனியின் புராதன ட்ரியர் நகரைக் கடந்து, கோப்லென்ஸில் ரைன் நதியோடு சங்கமிக்கும்வரை, நேர்வழி நடக்க மனமின்றி வளைந்து வளைந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துச் செல்லும் மோசல் நதியே, யாரைப் பிரிய மாட்டாமல் நீ இப்படித் தயங்குகிறாய்? அறிந்துகொண்டேன், நதியே! இந்தச் சரிவுகளில் உறையும் சௌந்தரியத்தைக் கண்டவர் எவர்தான் விரைந்து போவார்!

வட அட்சம் 50 பாகையை ஒட்டிய குளிர்பூமி இது. திராட்சை கனிவதற்கு ஏறத்தாழ இதுவே எல்லை என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட வடபுலம். சூரியன் இங்கே அளந்துதான் கொடுக்கிறான். ஆயினும் என்ன கருணை! சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் சேறாகக் கிடந்தது, அழுந்தி, இறுகி, நீலமும் சாம்பலும் கலந்த சிலேட்டுப் பாறையாய் நிமிர்ந்து, பகலெல்லாம் வெயிலைப் பருகி, இரவெல்லாம் அந்த வெம்மையைக் கொடியின் பாதத்தில் அர்ப்பணிக்கிறது. கீழே நதியோ, தன்மேல் விழுந்த ஒளியையும் சரிவுகளுக்கே திருப்பி அனுப்புகிறது. கல்லும் ஈகிறது! நீரும் ஈகிறது! பிரெம் ஊருக்கு மேலே, சிலவிடங்களில் 65 பாகை சாய்ந்து வானை நோக்கி எழும் கால்மோன்ட் சரிவில், கால் வைத்தால் சிலேட்டுச் சில்லுகள் கலகலவென்று உருளும் அந்தச் செங்குத்தில், ஒவ்வொரு கொத்தையும் மனிதக் கைகளே பறிக்கின்றன. உழைப்பு அங்கே உபாசனை!

கொடிகளிலும் எத்தனை பேதம், எத்தனை விலாசம்! மேல்மோசலின் சுண்ணக்கல் நிலத்தில் எல்ப்லிங் என்னும் மூதாட்டி எளிய, கூரிய புளிப்போடு வாழ்கிறாள். 1882-ல் கலப்பினமாய் உருவான முல்லர்-துர்காவ் முந்திக் கனிந்து மலர்மணம் வீசுகிறாள். ஆனால் இந்தச் சரிவுகளின் பட்டத்தரசி ரீஸ்லிங்! 1435-ல் ஒரு பிரபுவின் கணக்கேட்டில் முதன்முதலாய்ப் பெயர் பதிந்தவள், அவசரமறியாதவள், மற்றக் கொடிகள் கனிந்து ஓய்ந்த பின்னும் அக்டோபர்ப் பனிமூட்டத்தில் தவமிருப்பவள். மெலிந்த பச்சைப்பொன் நிறமாய்க் கிண்ணத்தில் நின்ற அவள் ரசத்தில் ஒரு துளி நாவைத் தொட்டதும், பச்சை ஆப்பிளும் பீச்சும் எலுமிச்சைத் தோலும் மழை நனைத்த கல்லும் ஒன்றன்பின் ஒன்றாய் மணந்தெழ, இனிப்பைப் புளிப்பு தாங்க, புளிப்பை இனிப்பு அணைக்க, எது எதுவென்று பிரித்தறிய முடியாமல் நான் நின்றேன். நின்றேனா? கரைந்தேன்!

இன்னும் கேளுங்கள்! குளிர் முற்றிய சில ஆண்டுகளில், கொத்துகளைக் கொடியிலேயே விட்டுவைத்து, பூஜ்யத்துக்குக் கீழ் 7 பாகைக்குக் குளிர் இறங்கும் விடியற்பொழுதில், உறைந்த கனிகளை உறைந்தபடியே பறித்துப் பிழிகிறார்கள். நீர் பனிக்கட்டியாய்ப் பின்தங்கிவிட, சாரம் மட்டும் தேனினும் செறிந்து துளித்துளியாய் இறங்குகிறது. ஐயனே, பயனற்றதெல்லாம் உறைந்து நிற்க, உமக்குரியது மட்டும் உருகிவரும் அந்த விடியல் என் ஆன்மாவுக்கும் வாய்க்காதோ!

பழைய முறைப்படி இங்கே ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியே ஒரு கம்பம். குளிர்காலத்தில் கவாத்து செய்தபின், எஞ்சிய இரண்டு கிளைகளை இடமும் வலமுமாய் வளைத்து, கீழே கொண்டுவந்து கம்பத்தோடு கட்டுகிறார்கள். காய்ந்த நாளில் வளைத்தால் கிளை ஒடிந்துபோகும். காற்றில் ஈரம் ததும்பும் நாளில்தான் அது கைக்கு இசையும். கட்டி முடித்ததும் பாருங்கள்: மலையெங்கும், இலைகூடத் துளிர்க்காத சரிவெங்கும், ஆயிரமாயிரம் இதய வடிவங்கள்!

இதயங்களின் இந்த மலையடியில்தான், பெர்ன்காஸ்டலுக்கு எதிர்க்கரையான கூஸ் ஊரில், 1401-ல் பிறந்த ஞானி நிக்கோலாஸ் கர்தினாலின் இதயம் துயில்கிறது. உடல் ரோமாபுரியில், இதயமோ அவர் நிறுவிய புனித நிக்கோலாஸ் அறச்சாலையின் சிற்றாலயத்தில்! இயேசுநாதர் பூமியில் வாழ்ந்த ஆண்டுகளை எண்ணி, 33 ஏழை முதியவர்களுக்கென்று 1458-ல் அவர் சாசனம் எழுதிய அந்த இல்லம் இன்றும் முதியோரைப் பேணுகிறது. திராட்சைத் தோட்டங்களின் விளைச்சல் தலைமுறை தலைமுறையாய் அதைத் தாங்கி வந்திருக்கிறது. ரசம் அன்னமாயிற்று! அன்னம் அன்பாயிற்று!

திராட்சைக் கொடியென்று உம்மையே சொல்லிக்கொண்ட தேவனே! காய்ந்த கிளையாய், வளையாத அகங்காரமாய் நின்ற என்மேல் உமது ஈரக் காற்று வீசட்டும். வேண்டாததை வெட்டும். வேண்டியபடி வளையும். ஒடிந்துவிடுவேனோ என்று இனி அஞ்சேன். உமது கம்பத்தோடு என்னைக் கட்டும், ஆண்டவரே, இறுகக் கட்டும்!