விழாத கோல்

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். ஜெயித்தால் சென்னை சிட்டி அணி சாம்பியன். ஒரே ஒரு பாயின்ட் பின்னால் ஈஸ்ட் பெங்கால் காத்திருக்கிறது. ஆனால், முதல் கோலைப் போட்டது எதிரணியான மினர்வா பஞ்சாப்! மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் இரண்டு கோல் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் கௌரவ் போரா. அவர் ஒரு டிஃபெண்டர்.

சீஸன் முழுக்க அவர் வேலை, கோல் விழாமல் தடுப்பது. நாம் ஞாபகம் வைத்திருப்பதோ அவர் அடித்த இரண்டு கோல்களை!

உலகம் முழுக்க இதே கதைதான். 1956-லிருந்து தரப்படும் 'பாலன் டி'ஓர்' விருதை வாங்கிய டிஃபெண்டர்கள் பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ என மூன்றே பேர். இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் காலம் தள்ளிய கிரஹாம் அலெக்ஸாண்டர், ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டியவர். பிரீமியர் லீகில் கால் வைத்தபோது வயது 37. கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அடித்த கோலுக்குக் கணக்கு இருக்கிறது. விழாத கோலுக்கு?

'விளையாட்டுதானே, விடுங்க சார்' என்கிறீர்களா? 2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். ஒரு மாதம் முன்பே ஓர் அதிகாரி வந்து, 'கூரையைப் பிரி, இல்லையென்றால் பள்ளியை மூடு' என்று அடம்பிடித்திருந்தால்? 94 பேரும் பிழைத்திருப்பார்கள். அவருக்கு யாராவது மாலை போட்டிருப்பார்களா? 'சரியான இம்சை புடிச்ச ஆளுய்யா' என்றுதான் பேசியிருப்போம். தான் காப்பாற்றியது அவருக்கே தெரிந்திருக்காது.

சரி, எதுவுமே நடக்கவில்லை என்றால், தடுத்தவர் யார், தூங்கியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முடிவைப் பார்த்தால் தெரியாது. வேலையைப் பார்த்தால் தெரியும். காஞ்சிபுரம் பக்கம் போனால் பட்டு நெய்கிறவரைக் கேளுங்கள். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தைத் தொட்டுப் பார்த்தே நெசவின் தரத்தைச் சொல்வார். கரை பிரியட்டும் என்று அவர் காத்திருப்பதில்லை. நல்ல டிஃபெண்டரும் அப்படித்தான். பந்து வருவதற்கு முன்பே அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

உங்கள் ஆபீஸிலும் வீட்டிலும் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் கோல் அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.